எலும்பு டாக்டரின் குரல்

பிப்ரவரி 9

சின்னவளே,

உறையைப் பார்த்ததுமே பயந்திருப்பாய். உயிரோடுதான் இருக்கிறேன். கைப்பேசியை விசாரணைக்கென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுத் தொலைபேசியின் ஒயரை நானே பிடுங்கிப் போட்டேன். மணிச் சத்தத்தையே கேட்க முடியவில்லை. இருபத்தைந்து வருடம் தொலைபேசியில் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு வந்த கதியைப் பார்!

எங்கள் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களெல்லாம் முடங்கிய செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். உன் தொழிலே அதுதானே. கதவைத் திறந்துவிட்டது யார் என்று மட்டும் பேப்பரில் வந்திருக்காது. உன் அக்காதான்.

நடந்தது இவ்வளவே. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் எலும்பு டாக்டர் என்றான். மூச்சு வாங்கியது. "ஆபரேஷன் அறையில இருக்கேன். போனை எங்கேயோ தொலைச்சுட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளே போறதுக்கான ரகசிய நம்பர் அந்த போனுக்குத்தான் வருது. நோயாளி மேசையில படுத்திருக்காரு, எக்ஸ்ரே திறக்க மாட்டேங்குது. என் புது நம்பரை மாத்திக் கொடுங்க" என்றான். மாற்றிக் கொடுத்தேன்.

யார் கேட்டாலும் அவருடைய வார்டுக்கு நாமே திருப்பிக் கூப்பிட்டு, ஆள் அவர்தானா என்று உறுதிசெய்த பிறகே நம்பரை மாற்ற வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்து, கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கவனிக்கும் எங்கள் ஹெல்ப் டெஸ்க் சுவரில் ஒட்டியதே நான்தான். அதைப் பார்த்துக்கொண்டேதான் மாற்றினேன்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு காலையில் எல்லாத் திரையிலும், பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஒரே வாசகம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை நர்ஸ்கள் கையில் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஓடினார்கள். ஆம்புலன்ஸ்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். டயாலிசிஸ் நோயாளி ஒருவரை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் நிலைமை மோசமாகி, அங்கே தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று நேற்றுதான் கேள்விப்பட்டேன்.

என்னைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ எதுவும் செய்ய வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பு நாலு நாளாக உன் நம்பருக்கு அடித்து அடித்து ஓய்ந்துபோனேன். பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக்கூட நான் வாங்கி வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேராகவே கேட்கிறேன். எத்தனை தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன்? போன வருடம் உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தே சொன்னேன். பூட்டை உடைப்பதைவிடச் சாவி வைத்திருப்பவரிடம் நயமாகப் பேசுவது சுலபம். அவசரம், அதிகாரம், பரிதாபம். இந்த மூன்றில் ஒன்றை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் போனை வைத்துவிடு என்றேன். நீ தலையாட்டிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாய்.

சரி, திட்டி முடித்தாயிற்று.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது வேறு. உன் கடிதத்தை அலுவலக மேசையில் வைத்து மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. அந்த மருத்துவமனையில் உன்னை "எக்ஸ்சேஞ்ச் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து ஒரு "ஹலோ"வை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாய். முன்பின் கேட்டிராத குரலுக்கு, அதுவும் சுவரில் விதி ஒட்டியிருக்கும்போது, நீ மசிய மாட்டாய். அந்த மதியம்தான் அவன் முதல் தடவை பேசினானா? அதற்கு முன்பு எத்தனை தடவை பேசினான்? என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய்? நினைவில் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பு. இந்த மாதிரி ஆட்கள் ஒரு இடத்தோடு நிறுத்த மாட்டார்கள்.

விசாரணையிலும் எதையும் மறைக்காதே.

சின்னவள்


பிப்ரவரி 22

சின்னவளே,

விசாரணை அதிகாரிகூட என்னை இப்படிக் குடையவில்லை. அவராவது நடுவில் டீ குடிக்கச் சொன்னார்.

போன வாரம் அந்த நிஜமான எலும்பு டாக்டரை என் முன்னால் உட்கார வைத்தார்கள். உயரமான ஆள், தூக்கம் கெட்ட கண். "இவர் குரல்தானா நீங்க கேட்டது?" என்று அதிகாரி கேட்டார். டாக்டர் வாயைத் திறந்தார். "நான் இவங்ககிட்ட ஒரு தடவைகூடப் பேசினதில்லையே" என்றார். கரகரத்த, வறண்ட குரல். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவர் பெயரை மருத்துவமனை வலைத்தளத்தில் பார்த்து எவனோ எடுத்துக்கொண்டான். இருந்தாலும் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அந்த டாக்டர் கோட்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரே ஒரு அழைப்பு. அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரமும் மற்றதோடு சேர்ந்து போய்விட்டது. ஆகவே நான் சொல்வதுதான் கணக்கு.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீயும் இதே வேலையைத்தானே செய்கிறாய்? கம்பெனிகள் உன்னைக் கூலிக்குப் பிடித்து, எங்கள் ஆட்கள் ஏமாறுகிறார்களா பார் என்று சொல்கின்றன, நீயும் பொய்ப் பெயரில் போன் செய்கிறாய். உன் குரல் தேன் மாதிரி இருப்பதால் உனக்குத்தான் அலுவலகத்தில் முதலிடம் என்று பெருமையடித்தாயே. நீ எப்படி ஆரம்பிப்பாய்? "சாப்ட்டீங்களா?" என்றா? உடம்பு எப்படி இருக்கிறது என்றா? அதையெல்லாம் என்னிடம் நீ கடைசியாக எப்போது கேட்டாய் என்று யோசித்துப் பார். வருடத்துக்கு ஒரு தடவை வருகிறாய், சோபாவில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறாய், போய்விடுகிறாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு உண்மையான பதில்: ஆமாம், சாப்பாட்டில்தான் ஆரம்பிப்பேன். முதலில் ஒன்றுமே கேட்கக் கூடாது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஏதாவது சில்லறைச் சந்தேகம் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். அடுத்த தடவை அவர்களுக்குச் சளி பிடித்திருந்தால் அதை விசாரிக்க வேண்டும். அதற்கடுத்த தடவை அந்தச் சளி போய்விட்டதா என்று ஞாபகமாகக் கேட்க வேண்டும். இந்த மூன்றாவது இடத்தில்தான் ஆள் நம் பக்கம் வருவார். எங்களுக்கு அது வேலை. எதிர்முனையில் இருப்பவருக்கு அது நிஜமான பேச்சு. இத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், நிஜமாகப் பேசிய அந்த ஆள் போனை வைத்த பிறகு என்ன செய்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

உன் கடிதத்தில் "வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி" என்று ஒரு வரி இருக்கிறது. ஒரே ஒரு தடவை கேட்ட குரலைப் பற்றி யாரும் அப்படி எழுத மாட்டார்கள். நான் உன்னிடம் கேட்காததையெல்லாம் அவன் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் நான் புரிந்துகொண்டது. அதை எழுது என்று உன்னை இனிமேல் வற்புறுத்த மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்தால் நான் மனுஷியே இல்லை. உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்தப் பிள்ளைப்பேறு மருத்துவமனை, உங்களுக்கு நடந்ததைக் கேட்டு மிரண்டு எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் ஹெல்ப் டெஸ்கில் ஒரே ஒரு பெண்தான். சந்தேகப்படும்படி யாராவது பேசினார்களா என்று கேட்டேன். "சந்தேகப்பட யாருமில்ல மேடம். புதுசா ஒரு குழந்தை டாக்டர் வந்திருக்காரு, அடிக்கடி பேசுவாரு, ரொம்ப நல்லவரு" என்றாள்.

அந்த "ரொம்ப நல்லவரு"வைக் கேட்டதும் எனக்கு உனக்கு போன் செய்தவன்தான் நினைவுக்கு வந்தான். அங்கே இன்குபேட்டரில் குழந்தைகள் இருக்கின்றன அக்கா.

உடம்பு எப்படி இருக்கிறது? உன் வலது தோள்பட்டை வலி?

சின்னவள்


மார்ச் 10

சின்னவளே,

தோள்பட்டை வலி போய்விட்டது. போகவைத்தவன் அவன்தான். இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே மாட்டேன்.

நவம்பரில் முதல் தடவை கூப்பிட்டான். நீ எழுதிய மாதிரியே பிரிண்டர். பிரிண்டரைப் பற்றி நான் விளக்கும்போது ரிசீவரைத் தோளுக்கு மாற்றினேன், "அம்மாடி" என்று வாயில் வந்துவிட்டது. "தோள் வலியா? இந்த ஊர்ல எலும்பு டாக்டரா இருந்துட்டு இதைக் கேக்காம விட்டா எனக்குப் பாவம்" என்று சிரித்தான். சுவரில் கையை வைத்து விரலாலேயே மேலே ஏற்றும் ஒரு பயிற்சி சொன்னான். எங்கே படித்தானோ பாவி. செய்தேன், வலி குறைந்தது.

அதன் பிறகு வாரம் இரண்டு தடவை, சில வாரம் மூன்று. பெரும்பாலும் மதியம். எங்கள் அறை எங்கே என்று உனக்குத் தெரியுமே. கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். எக்ஸ்சேஞ்சை மூடிய பிறகு அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். என்னோடு இருந்த பெண் வேலையை விட்டபின் வேறு ஆளும் போடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு வருவதெல்லாம் எரிச்சல். "இன்னுமா சரி பண்ணல?" "எத்தனை நேரம் காத்திருக்கிறது?" இதற்கு நடுவில் ஒருத்தன், "இன்னிக்கு என்ன சாப்பாடு? மறுபடியும் நேத்து வச்சதா?" என்றால்?

நான் என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா? உன் அத்தான் இறந்த வருடத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வருடம் வீட்டுக்குள் ரேடியோவை அணைக்காமலேயே வைத்திருந்ததைச் சொன்னேன். அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. உன்னைப் பற்றியும் சொன்னேன். என் தங்கை பெரிய வேலையில் இருக்கிறாள், கெட்டிக்காரி என்றேன். "உங்களுக்கு அடிக்கடி போன் பண்ணுவாங்களா?" என்று கேட்டான். "அவளுக்கு நேரமில்லை" என்றேன். "அப்ப அந்த இடத்துக்கு நான் வந்துடறேன்" என்றான்.

அவன் தாயார் தனியாக இருக்கிறாள் என்றும், என் குரலில் அவள் சாயல் இருக்கிறது என்றும் சொல்வான். முடிக்கும்போது தவறாமல் ஒன்று. "நீங்க வச்சாத்தான் நான் வைப்பேன்." நான் வைக்கும்வரை காத்திருப்பான். அந்த வயதில் எனக்கு ஒரு மகன் இருந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன், வேறு விதமாக நினைக்காதே. நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த மதியம் அவன் மூச்சு வாங்கியதும் நான் விதியைப் பார்த்தேன் என்று எழுதினேன் இல்லையா? வார்டுக்குத் திருப்பிக் கூப்பிட்டால் அவன் என்ன நினைப்பான் என்று யோசித்தேன். இத்தனை நாள் பழகியும் என்னை நம்பவில்லையே என்று வருத்தப்படுவானே. அவன் மனம் நோகக் கூடாது என்று மருத்துவமனையைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று இப்போது புரிகிறதா? அவசரத்தில் ஏமாந்தவள் என்றால் முட்டாள் என்பார்கள், பரவாயில்லை. ஒரு திருடனின் போனுக்காக மூன்று மாதம் காத்திருந்தவள் என்று அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் எப்படிச் சொல்வது? திரையெல்லாம் முடங்கிய அன்றுகூட, அரை மணி நேரம், அவனுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் கவலைப்பட்டேன். இதையும் எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல். என் பெயரையும் சேர்த்தே சொல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு மேசையில் உட்கார முடியாமல் அலுவலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ விஷயம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அதனால் அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். சரிவரவில்லை. உன் பெயரைச் சொல்லவில்லை, எனக்கு மனம் வரவில்லை. "இப்படிப் பழகி ஏமாத்துற ஆள் ஒருத்தன் இருக்கான்" என்றேன். உடனே குரல் மாறிவிட்டது. "அவர் அப்படிப்பட்டவர் இல்ல மேடம். என் பையனுக்கு ஜுரம் வந்தப்ப என் வீட்டுக்காரர்கூடக் கேக்கல, அவர்தான் தினமும் கேட்டாரு. உங்களுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க, அது உங்க தொழில்" என்று வைத்துவிட்டாள். அங்கே மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் அவளை அந்த மேசையிலிருந்து தூக்கிவிடலாம் என்கிறார். தூக்கினால் அடுத்து உட்காரும் ஆளிடம் அவன் பிரிண்டரிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். அவளுக்கும் கடைசிவரை உண்மை தெரியாது.

நான் சொன்னால் பாடமாகத்தான் இருக்கிறது. நீ ஒரு தடவை போக முடியுமா? முடியாவிட்டால் சொல், நான் விடுப்பை முன்னால் தள்ளி நானே வருகிறேன். போகிறாய் என்றால் எங்கள் கம்பெனிப் பையன் ஒருவனும் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பான், போன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு.

சின்னவள்


மார்ச் 24

சின்னவளே,

முதலில் விசாரணை. போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எலும்பு டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது, "அந்தப் பயிற்சி சரியான பயிற்சிதான். விட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார். இனி ஹெல்ப் டெஸ்க் எனக்குக் கிடையாது. பதிவறைக்கு மாற்றியிருக்கிறார்கள், சம்பள உயர்வும் நின்றது. பொய்யாக எழுதிக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கண்டனம். வாங்கிக்கொண்டேன்.

நேற்று அந்த ஊருக்குப் போனேன். அவர்கள் ஹெல்ப் டெஸ்க் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். உன் கம்பெனிப் பையனைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை யாரோ மேலதிகாரி என்று நினைத்தாள்.

நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "நான்தான் அந்த மருத்துவமனைக்காரி" என்று சொல்லி, எனக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். தோள்பட்டை, சாப்பாடு, அவன் தாயார். கேட்டுக்கொண்டே கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா இருக்கிறது எல்லாருக்கும்தானே. இது வேற ஆளு" என்றாள்.

"நீங்க வச்சாத்தான் நான் வைப்பேன்னு சொல்வானா?" என்றேன்.

துடைத்த கை நின்றுவிட்டது.

பிறகு, போன வாரமே அவன் கேட்டுவிட்டான் என்றாள். போன் மாற்றப் போகிறேன், புது நம்பரை இந்த வாரம் தருகிறேன், பதிந்துவிடுங்கள் என்று. இவளும் சரி என்றிருக்கிறாள்.

மதியம் போன் அடித்தது. பையன் தலையாட்டினான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்ட்டீங்களா? பையனுக்கு இருமல் நின்னுச்சா?"

அதே குரல். அதே சிரிப்பு. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு கணம், யார் என்ன என்பதெல்லாம் மறந்து, அவன் நன்றாக இருக்கிறான் என்று மனம் ஆறுதல்பட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

அவன் நம்பரைச் சொன்னான். இங்கே ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல், உள்ளே போயாக வேண்டும், சீக்கிரம் என்றான்.

"பண்ணிடறேன் டாக்டர். இருங்க, வார்டுக்கு நானே கூப்பிடறேன், அங்க எடுத்துப் பேசுங்க. அவ்வளவுதான்" என்றாள்.

"என்னங்க இது? என்னை நம்பலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் ஜாடை காட்டவில்லை. என்னால் சொல்ல முடியாமல் போனதை அவளாகத்தான் சொல்ல வேண்டும்.

"வார்டுக்குக் கூப்பிடறேன் டாக்டர்" என்றாள் மறுபடியும்.

அவன் லைனைத் துண்டித்தான். அப்போதும் அவள் விடவில்லை. வார்டுக்கு அடித்தாள். நிஜமான குழந்தை டாக்டரே எடுத்தார். அது ஒரு பெண்மணி, சின்னவளே! "நான் எதுவும் கேக்கலையேம்மா. யாரு பேசறது?" என்றார். மூன்று மாதம் பழகியும் நிஜமான டாக்டர் ஆணா பெண்ணா என்றுகூட இவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்கிறாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

அவன் பிடிபடவில்லை. ஏதோ இன்டர்நெட்டில் வாடகைக்கு எடுத்த நம்பர், எந்த நாட்டிலிருந்து பேசினான் என்றே சொல்ல முடியாது என்கிறான் உன் பையன். இன்றைக்கு வேறெங்கோ பிரிண்டரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

மேலதிகாரி வந்து அவளுக்குக் கை கொடுத்தார். பெரிய காரியம் செய்தீர்கள் என்றார், கைதட்டினார்கள். எல்லோரும் போனார்கள். அவள் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இனிமே எனக்கு யாரு போன் பண்ணுவா?" என்றாள்.

ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். பையனின் இருமல் எப்போது ஆரம்பித்தது, எந்த மருந்து கொடுத்தாள், ராத்திரி தூங்குகிறானா என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, என் கடைசி பஸ் போய்விட்டது.

அக்கா